படுக்கையறையில் ஹோம் தியேட்டர்: தலையணையில் தொடங்கும் ஸ்பீக்கர் வழிகாட்டி

"பெட்ரூமுக்கு எந்த 5.1 செட் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், "கட்டிலில் தலை எந்தப் பக்கம்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் ஒரு நொடி திகைப்பார். ஆனால் படுக்கையறையில் மற்றதையெல்லாம் தீர்மானிப்பது அந்த ஒரு விஷயம்தான். ஹாலில் சோபாவை ஓர் அடி முன்னே இழுக்கலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம். கட்டிலை அப்படி நகர்த்த முடியாது. ஒரு பக்கம் அலமாரி, இன்னொரு பக்கம் ஜன்னல், மூலையில் பாத்ரூம் கதவு. இதற்கு மேல், வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்களின் கண்டிப்பு. ஆக, காது எங்கே இருக்கப்போகிறது என்பது நீங்கள் கடைக்குப் போகும் முன்பே முடிவாகிவிட்டது. ஸ்பீக்கர்தான் அதற்கு இணங்கிப் போக வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் அறை 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. தெற்குச் சுவரை ஒட்டித் தலைமாடு, எதிரே வடக்குச் சுவரில் டிவி. என் அறை இப்படித்தான். உங்களுடையதும் இதிலிருந்து ரொம்ப விலகியிருக்காது. அளவு மாறினால் கணக்கு மாறும், வழி மாறாது.

படி 1: டேப்பை எடுங்கள், வரைபடம் போடுங்கள்

கட்டம் போட்ட காகிதத்தில் ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்று அறையை வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அலமாரிக் கதவுக்கு எவ்வளவு இடம் வேண்டும், பிளக் பாயின்ட் எங்கெங்கே இருக்கிறது, ஏசி எந்தச் சுவரில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு வழக்கமாகப் படம் பார்க்கும் நிலையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, வேறொருவரை மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: பின்சுவரிலிருந்து உங்கள் காது எவ்வளவு தூரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், டிவி சுவரிலிருந்து எவ்வளவு தூரம்.

முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தால் காது பின்சுவரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடியிலும், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்திலும் இருக்கும். முழுக்கப் படுத்துவிட்டால் உயரம் இரண்டேகால் அடிக்கு இறங்கிவிடும். எந்த நிலையில் அதிகம் பார்க்கிறீர்கள் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரின் உயரம், சாய்வு எல்லாமே இதை வைத்துத்தான்.

இனி அறையின் குணம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி போகிறது. இணையான இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரட்டித்து, அதனால் 1,130-ஐ வகுத்தால், அந்தத் தூரத்தில் அறை தானாகவே தூக்கிக் கொடுக்கும் ஒலி அதிர்வெண் கிடைக்கும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். நம் அறையில் அகலமும் 10, உயரமும் 10 என்பதால் 57 இரண்டு முறை வந்து ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொள்கிறது. சின்ன அறைகளில் ஒரே ஒரு பேஸ் (கீழ் ஸ்தாயி) ஸ்வரம் மட்டும் 'டும்' என்று வீங்கி, மற்றவை அமுங்கிப்போவது இதனால்தான். அறையின் எல்லா அளவும் ஒன்றாக இருந்தால், 10-க்கு 10-க்கு 10 என்றால், சிக்கல் இன்னும் பெரிது.

இந்த பேஸ் வீக்கம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். உங்கள் தலை இருப்பது சுவரோரத்தில். அதாவது படுக்கையறையில் எப்போதும் பேஸ் கூடுதலாகக் கேட்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெரிய வூஃபர் வாங்கத் துடிப்பவர்கள் இதை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. மெத்தை, தலையணை, போர்வை, திரைச்சீலை எல்லாம் மேல் ஸ்தாயி ஒலியை நன்றாக உறிஞ்சும். வெறும் டைல்ஸும் கண்ணாடியுமாக இருக்கும் பல ஹால்களைவிடப் படுக்கையறையில் வசனம் தெளிவாகக் கேட்கும். கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின் 'ட்ர்ர்ர்' என்று ஒரு வால் நீண்டால், இன்னும் ஒரு கனமான திரைச்சீலை தேவை.

படி 2: எத்தனை ஸ்பீக்கர்?

படுக்கையறைக்கு என் முதல் பரிந்துரை 3.1. முன்னால் இடது, வலது, நடுவே சென்டர், பேஸுக்கென்று தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபர் (புள்ளிக்குப் பின்னால் வரும் 1 அதுதான்). சரவுண்ட், அதாவது பக்கவாட்டிலிருந்து ஒலிக்கும் இன்னும் இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்தால் 5.1; அது பிறகு வரட்டும்.

சென்டர் ஸ்பீக்கரை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் கட்டில்தான். இரண்டு பேர் படுத்தால், இருவருமே அறையின் நடுக்கோட்டில் இல்லை. ஒவ்வொருவரும் ஒன்றரை அடி விலகி இருக்கிறார்கள். இடது, வலது இரண்டை மட்டும் வைத்தால், நடுவிலிருந்து வர வேண்டிய குரல் யாருக்கு எந்த ஸ்பீக்கர் பக்கமோ அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். திரையில் நடுவில் நிற்பவர் ஜன்னலோரத்திலிருந்து பேசுவார். சென்டர் இருந்தால் இருவருக்கும் குரல் திரையிலிருந்தே வரும். தனியாகப் பார்ப்பவர், கட்டிலின் நடுவில் சாய்பவர் என்றால் 2.1 போதும், மிச்சப் பணத்தை இரண்டு நல்ல ஸ்பீக்கரில் போடலாம்.

இன்னொரு காரணம் இரவு. படுக்கையறையில் நாம் ஒலியைக் குறைத்து வைத்துத்தான் பார்க்கிறோம். ஒலி குறையும்போது மனிதக் காது பேஸையும் மிக உயர்ந்த ஒலியையும் நடுப்பகுதியைவிட வேகமாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே அளந்து காட்டியது இது. அதோடு மேலே ஃபேன், சுவரில் ஏசி. வசனம் கேட்கவில்லை என்று ரிமோட்டில் கூட்டுவோம், சண்டைக் காட்சி வந்ததும் பதறிக் குறைப்போம். சென்டரை மட்டும் தனியாக 2 டெசிபல் கூட்ட முடிகிற வசதி இந்த வேதனையைப் பாதியாக்கிவிடும்.

வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார், டிவி யூனிட்டிலும் இடமில்லை என்றால் சவுண்ட்பார் வாங்குங்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் சென்டருக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ளதாக, வூஃபர் தனிப் பெட்டியாக, டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வாங்கிக்கொள்ளும் 'ஆர்க்' வசதியோடு பார்த்து வாங்குங்கள்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வர வைக்கும் டால்பியின் அட்மாஸ்? திரையரங்கில் 2012-இலும் வீடுகளுக்கு 2014-இலும் வந்த அருமையான தொழில்நுட்பம். மேலே சுட்டி ஒலியைக் கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான, கடினமான கூரை வேண்டும். 10 அடி உயரக் கான்கிரீட் கூரை அதற்கு ஏற்றதே. ஆனால் பள்ளமும் மேடுமாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால், அல்லது ஒலி பட்டுத் திரும்ப வேண்டிய இடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பணம் வீண். முதல் வருடம் 3.1-இல் வாழ்ந்து பாருங்கள். ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) வாங்கும்போது மட்டும் பின்னால் சேர்க்க இடம் இருக்கும்படி 7 சேனல் மாடலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கடையில் எதைப் பார்ப்பது

முதலில் பி.எம்.பி.ஓ. என்ற எண்ணை மறந்துவிடுங்கள். பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் அச்சடித்திருக்கும். அதற்குப் பொதுவான அளவீட்டு முறையே கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய உண்மையான சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள். என் முதல் செட்டை அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் ஒரு கடையில் வாங்கினேன். வீட்டில் வந்து பின்பக்கத்தைப் படித்தபோது, பெட்டிமேல் இருந்ததில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அந்த வலி இன்னும் இருக்கிறது.

உண்மையில் இந்த அறைக்கு எவ்வளவு வாட்ஸ் வேண்டும்? 87 டெசிபல் சென்சிடிவிட்டி என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். உங்கள் தலையணை 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் என்றால் அங்கே ஏறத்தாழ 78 டெசிபல். சாதாரணப் பேச்சு 60 டெசிபலை ஒட்டித்தான் இருக்கும். ஒரே ஒரு வாட்டில் அவ்வளவு! 10 வாட் கொடுத்தால் 88 ஆகிவிடும். எனவே சேனலுக்கு 50 உண்மையான வாட்ஸ் தாராளம். அதற்கு மேல் செலவழிக்கும் ரூபாயை ஸ்பீக்கரின் தரத்தில் செலவழியுங்கள்.

முன் ஸ்பீக்கருக்கு புக்ஷெல்ஃப் வகை (தட்டில் வைக்கும் சிறு பெட்டி) போதும். 4 முதல் 5 அங்குல வூஃபர். தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் இந்த அறையில் பேஸைக் கொட்டி மூழ்கடிக்கும். பேஸுக்காகப் பெட்டியில் விட்டிருக்கும் காற்றுத் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் குழம்பும். முன்பக்கத் துளை நல்லது. துளையே இல்லாமல் மூடிய பெட்டி சுவரோரத்துக்கு இன்னும் நல்லது. ஏற்கெனவே பின்துளை ஸ்பீக்கர் கையில் இருந்தால், துளையில் ஸ்பாஞ்சு அல்லது சுத்தமான காலுறையைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள், வீக்கம் கணிசமாகக் குறையும். வேறொரு பயனும் உண்டு. என் பழைய ஸ்பீக்கரின் பின்துளைக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. இப்போது எல்லாத் துளையிலும் மெல்லிய வலைத்துணி ஒட்டியிருக்கிறேன்.

ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா, ஃபோமா என்று கேளுங்கள். நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஃபோம் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் நெடுநாள் நிற்கும். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் கிரில்லைக் கழற்றி, அந்த வளையத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சென்டர், முன் இரண்டு ஸ்பீக்கர்களின் அதே வரிசையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். ஒரு கார் இடமிருந்து வலமாகக் கடக்கும்போது நடுவில் மட்டும் அதன் குரல் மாறக் கூடாது.

கேட்டுப் பார்க்கும்போது அதிரடிக் காட்சி போடச் சொல்லாதீர்கள். எந்தப் பெட்டியும் அதில் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு மனிதக் குரல், ஒரு கச்சேரிப் பதிவு. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் வேண்டாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பி ஒரு கனத்தோடும் வலந்தலை ஒரு துல்லியத்தோடும், ஒன்றையொன்று மிதிக்காமல், தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். தொப்பி மட்டும் 'பூம்' என்று பரவி வலந்தலையின் நுனி மழுங்கினால், அந்த ஸ்பீக்கர் உங்கள் படுக்கையறையில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். இந்தச் சோதனையைக் குறைந்த ஒலியில் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் கூட்டி வைப்பார்கள். நீங்கள் வீட்டில் கேட்கப்போவது குறைத்து.

சப்வூஃபர் 8 அங்குலம் போதும், ஆசைப்பட்டால் 10. 12 அங்குலத்தை ஹாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முன் மூன்று ஸ்பீக்கர்கள்

தலையணையிலிருந்து பார்க்கும்போது இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரி விலகியிருக்க வேண்டும் என்பது டால்பியின் பரிந்துரை. நம் அறையில் காதுக்கும் ஸ்பீக்கர் வரிசைக்கும் ஒன்பதரை அடி. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே 8 அடி விட்டால் 23 டிகிரி கிடைக்கும். 30 டிகிரி வேண்டுமென்றால் 11 அடி வேண்டும். அறையின் அகலமே பத்துதான். எனவே 8 அடி. பக்கச் சுவருக்கு ஓர் அடி மிஞ்சும். மூலையில் திணித்தால் பேஸ் மறுபடி வீங்கும், அதற்கு மேல் போகாதீர்கள். கட்டிலைத் திருப்பி 10 அடிப் பக்கமாகப் பார்ப்பவர்களுக்குக் காதும் ஸ்பீக்கரும் ஏழரை அடியில் வரும்; அப்போது 6-லிருந்து 8 அடி இடைவெளி சரி.

ஸ்பீக்கரை லேசாக உள்பக்கம் திருப்புங்கள். எவ்வளவு? இரண்டு ஸ்பீக்கர்களின் பார்வையும் உங்கள் தலைக்குப் பின்னால், சுவரில் சந்திக்கும் அளவுக்கு. நேரே தலையை நோக்கித் திருப்பினால் நடுவில் படுப்பவருக்கு மட்டும் நன்றாக இருக்கும்.

உயரத்தில்தான் படுக்கையறைகள் பெரும்பாலும் கோட்டைவிடுகின்றன. டிவி யூனிட்டின் கீழ்த்தட்டில், தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஸ்பீக்கர் இருக்கும். தலையணைக்கும் அதற்கும் நடுவே கால்மாட்டுப் பலகை, போர்வை, மடக்கிய முழங்கால். மேல் ஸ்தாயி ஒலி இவற்றைச் சுற்றி வளைந்து வராது. வழி எளிது: தலையணையில் சாய்ந்து பாருங்கள். ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் ஏற்றுங்கள் அல்லது சுவரில் மாட்டுங்கள். ட்வீட்டர் மூன்றரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால் சாய்ந்திருப்பவருக்குப் பொருந்தும்.

சென்டர் டிவிக்குக் கீழே போகும். தட்டுக்குள் தள்ளி வைக்காமல், முன்முகம் தட்டின் விளிம்புக்கு வெளியே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். இல்லையென்றால் தட்டின் பரப்பில் பட்டுக் குரல் கலங்கும். முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ரப்பர் கட்டையைக் கொடுத்துக் காதை நோக்கி நிமிர்த்துங்கள். டிவியை உயரத்தில் மாட்டியிருப்பவர்கள் சென்டரை டிவிக்கு மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும் நடக்கும். ஆனால் கனமான பெட்டி, பிராக்கெட் உறுதியாக இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டுமுன் அது என்ன சுவர் என்று தட்டிப் பாருங்கள். செங்கல்லுக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் பிடிக்கும். புதிய அடுக்குமாடிகளில் வரும் இலேசான ஏஏசி பிளாக்கில் அது நாளடைவில் கழன்று வரும். அதற்கென்று விற்கும் ஆங்கர் வேண்டும்.

பக்கச் சுவரில் ஒரு வேலை பாக்கி. ஒருவரை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். தலையணையிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி முதலில் பட்டுத் திரும்புகிறது. அங்கே திரைச்சீலை வந்தால் சிறப்பு. அலமாரியின் ஆளுயரக் கண்ணாடியே அந்த இடத்தில் நின்றால், படம் பார்க்கும்போது மட்டும் அதன்மேல் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டு வித்தியாசத்தைக் கேளுங்கள். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒலியைப் பொறுத்தவரை அவற்றால் பெரிய பயன் இல்லை, தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

படி 5: சரவுண்ட், இடம் இருந்தால்

5.1-க்குச் சொல்லப்படும் இடம் காதுக்குச் சற்றுப் பின்னால், 110 டிகிரியை ஒட்டி. கட்டில் சுவரோடு ஒட்டியிருக்கும்போது பின்னால் ஏது இடம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் மனம் நிறையும். காது பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி, பக்கச் சுவர் ஐந்தடி. பின்மூலையின் கோணம் 107 டிகிரி. ஆக, பக்கச் சுவரில், பின்மூலையை ஒட்டி மாட்டினாலே ஏறக்குறைய சரியான இடம்.

உயரம்தான் முக்கியம். கட்டிலின் இடப்பக்கம் படுப்பவருக்கு இடது சரவுண்ட் மூன்றரை அடி, வலது ஆறரை அடி. காது மட்டத்தில் மாட்டினால் இரண்டுக்கும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். ஒரு ஸ்பீக்கர் காதுக்குள் கத்தும். காதைவிட மூன்றடி உயர்த்தினால் வித்தியாசம் 4 டெசிபலுக்குள் வந்துவிடும். அதனால் தரையிலிருந்து ஆறரை அடி. நேரே கீழே காதை நோக்கிச் சாய்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்க்க விடுங்கள். ஒலி அறையில் பரவி வரும்.

ஒரு பக்கம் கூரை வரை அலமாரியும் மறுபக்கம் பால்கனிக் கதவுமாக இருந்தால் சரவுண்டை விட்டுவிடுங்கள். ஒன்றைச் சுவரிலும் ஒன்றை அலமாரி மேல் சூட்கேஸ்களுக்கு நடுவிலும் வைத்து நான் கேட்டிருக்கிறேன். அந்த 5.1-ஐவிட நல்ல 3.1 எவ்வளவோ மேல். தலைக்கு மேல் மாட்டும் எதுவும் இலேசானதாக, இரண்டு ஸ்க்ரூவில் பிடித்ததாக இருக்கட்டும். குழந்தை தூங்கும் கட்டில் அது.

படி 6: சப்வூஃபர்

இதற்கு ஒரு விடுமுறை நாள் ஒதுக்குங்கள்.

சப்வூஃபரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பெட்டி வைத்த கட்டில் என்றால் அதுவே ஒரு பெரிய மேளமாகிவிடும். தூசியும் சூடும் ஆம்ப்ளிஃபயரைக் கெடுக்கும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு. சப்வூஃபரைத் தூக்கிக் கட்டிலில், உங்கள் தலை இருக்கும் இடத்தில், ஒரு பலகை மேல் வையுங்கள். பேஸ் கிட்டார் ஒவ்வொரு ஸ்வரமாக நடந்து போகும் ஒரு பாட்டை மிதமான ஒலியில் ஓடவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து சுவரோரமாகப் போங்கள். ஓர் இடத்தில் 'டும்' என்று வீங்கும், ஓர் இடத்தில் பேஸ் காணாமல் போகும், ஓர் இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவாகக் கேட்கும். அந்த மூன்றாவது இடத்தில் சுண்ணாம்புக் குறி போடுங்கள். சப்வூஃபரை அங்கே வைத்துவிட்டுத் தலையணைக்குத் திரும்பினால், அதே சீரான பேஸ் உங்களுக்குக் கேட்கும். இப்படி இரண்டு மூன்று குறிகள் கிடைக்கும். அதில் பிளக் பாயின்ட்டுக்குப் பக்கமானதையும் காலில் இடறாததையும் தேர்ந்தெடுங்கள். 10-க்கு 12 அறையில் அது பெரும்பாலும் டிவி சுவரில், மூலைக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட ஓர் இடமாக அமையும். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் 47-உம் 57-உம் சேர்ந்து எழும்பும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. சப்வூஃபரைத் தலைமாட்டுப் பக்கம், கட்டிலை ஒட்டிய சின்ன மேசை இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். காதுக்கு அருகில் இருப்பதால் மிகக் குறைந்த ஒலியிலேயே பேஸ் நிறைவாகக் கேட்கும். கீழ்வீட்டுக்குப் போவதும் அந்த அளவுக்குக் குறையும். ரிசீவரில் கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வைக்காதீர்கள். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. மேலே போனால் சப்வூஃபர் தலைமாட்டில் இருப்பது தெரிந்துவிடும்.

அடியில் ரப்பர் பாய் போட்டால் கீழ்வீட்டுக்கு ஒன்றும் கேட்காது என்று சொல்வார்கள். பாய், பெட்டியிலிருந்து தரைக்கு இறங்கும் அதிர்வை மட்டும்தான் தடுக்கும். காற்று வழியாகப் போய் ஸ்லாபையே அதிர வைக்கும் பேஸை அது தடுக்காது. இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரைக் குறைப்பதே அக்கம்பக்கத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

இடம் முடிவானதும், போனில் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் ஒன்றில் 20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். இப்போது அறை பேச ஆரம்பிக்கும். இரும்பு பீரோவின் கதவு, அதன் மேல் இருக்கும் சூட்கேஸ் பூட்டு, லாஃப்டில் அடுக்கிய பித்தளைப் பாத்திரங்கள், ஜன்னல் கண்ணாடி, வளையல் ஸ்டாண்ட், சாமி படத்தின் சட்டம், சுவிட்ச் போர்டு மூடி. ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் நிற்பதுதான் குற்றவாளி. பீரோக் கதவு இடுக்கில் மெல்லிய ரப்பர் பட்டை, பாத்திரங்களுக்கு நடுவே பழைய துணி, படச் சட்டத்தின் பின்னால் இரண்டு ஒட்டுப் பஞ்சு. ஐம்பது ரூபாய்ச் செலவு. இதற்குப் பின் வரும் தெளிவு, புதிய சப்வூஃபர் வாங்கினால்கூட வராது.

படி 7: வயரும் மின்சாரமும்

இந்தத் தூரங்களுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். விலையுயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் தேவையில்லை. 230 வோல்ட் வயர் போகும் அதே பைப்பில் இதை இழுக்காதீர்கள். தரையோரம் கேசிங் பட்டி அடித்துக் கொண்டுபோகலாம். வயர்லெஸ் சரவுண்ட் என்று விற்பவற்றில் பலவற்றுக்கும் அதனதன் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினாலும் குரல் நடுவில் நிற்காமல் அந்தரத்தில் மிதக்கும், பேஸ் கரைந்துபோகும். சந்தேகமானால் ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை வயரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் சரி.

'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால், முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். இரைச்சல் போகிறது என்பதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டாதீர்கள். உயிர் போகும் விஷயம். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அது ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டராக இருக்கக்கூடும்.

ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். மேலே அரை அடி காற்றோட்டம் வேண்டும்.

படி 8: அளந்து சரிசெய்தல்

டிவியின் ஆர்க் அல்லது ஈ-ஆர்க் என்று குறித்த எச்டிஎம்ஐ துளையில்தான் ரிசீவர் இணைய வேண்டும். பிறகு டிவியின் ஒலி மெனுவில் வெளியீடு பி.சி.எம். என்று இருந்தால் 'பாஸ் த்ரூ' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றுங்கள். பல வீடுகளில் 5.1 வாங்கி வருடக்கணக்கில் ஸ்டீரியோ மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியால்தான். ஓடிடி செயலிகளின் அட்மாஸ் ஒலி சாதாரண ஆர்க் வழியாகவே வந்துவிடும். பிளேயரை டிவியில் இணைத்து, டிவி வழியாக வரும் புளூ-ரேயின் முழுத்தர ஒலிக்குத்தான் ஈ-ஆர்க் கட்டாயம்.

ரிசீவரோடு வரும் மைக்கால் தானாக அளக்கும் வசதி இப்போது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பாவ். அளக்கும்போது ஃபேன், ஏசி இரண்டையும் அணையுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். படம் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படித் திரைச்சீலை, போர்வை எல்லாம் இருக்கட்டும். மைக்கைத் தலையணைமேல் படுக்க வைக்காதீர்கள், தலையணை ஒலியை விழுங்கிவிடும். கேமரா ஸ்டாண்டில் பொருத்திக் காது உயரத்தில், தலைமாட்டுப் பலகையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நிறுத்துங்கள். முதல் அளவு கட்டிலின் நடுவில், அடுத்தவை இருவரின் காது இடங்களிலும். அளந்து முடியும்வரை நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள்.

முடிந்ததும் மெனுவைத் திறந்து சரிபாருங்கள். தூரங்கள் டேப்பில் அளந்ததோடு ஒத்துப்போக வேண்டும். சப்வூஃபரின் தூரம் மட்டும் கூடுதலாகக் காட்டலாம், அது பிழையில்லை. முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80-இல் வையுங்கள். சென்டரை 2 டெசிபல் ஏற்றுங்கள். சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை 0-விலும் 180-லும் மாற்றி மாற்றி, முன் ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாடும்போது எதில் பேஸ் நிறைவாக இருக்கிறது என்று கேளுங்கள்; நிறைவானதுதான் சரி. இரவில் பார்ப்பதற்கு 'நைட் மோட்' இருந்தால் அதை ரிமோட்டின் சுருக்க பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தமான காட்சியை அமுக்கி, முணுமுணுப்பை உயர்த்திக் கொடுக்கும். பகலில் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்தின் உயிரே போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை. ஃபேனை மூன்றில் வைத்து, ஏசியைப் போட்டு, வழக்கமான இரவு ஒலியில், இருவர் மெதுவாகப் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியை ஓடவிடுங்கள். முதலில் உங்கள் தலையணையில் கேளுங்கள். பிறகு பக்கத்தில் படுப்பவரின் தலையணையில் சாய்ந்து அதே காட்சியைக் கேளுங்கள். அங்கே ஒரு சொல் நழுவினாலும் சென்டரை இன்னும் ஒரு டெசிபல் ஏற்றுங்கள், அல்லது அதை அந்தப் பக்கமாக ஒரு விரல்கடை திருப்புங்கள். பிறகு அவரையே சாய்ந்து கேட்கச் சொல்லுங்கள்.